மின்சுற்றும் உப்புநீரும்

புதுச்சேரி நகரின் தென்பகுதியில், கடலை ஒட்டி இருக்கிறது உப்பளம். உப்பு விளைவிக்கும் பாத்திகளுக்கு உப்பளம் என்று பெயர் என்பதை நீங்கள் அறிவீர்கள். இன்று அப்பகுதியில் வீடுகளும் கடைகளும் விளையாட்டரங்கும் நிறைந்திருந்தாலும், கடலின் உப்பு அங்கே காற்றில் கலந்தே இருக்கிறது. இரும்புக் கதவு விரைவில் துருப்பிடிக்கிறது. மழைக்காலத்தில் சுவர் ஓதம் காக்கிறது.

2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ‘ஃபெஞ்சல்’ புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டிற்று. தெருக்கள் கால்வாய்களாயின. நகரின் பல பகுதிகளில் மின்சாரம் நிறுத்தப்பட்டது. இருட்டில் இருப்பவர்களுக்கு அப்போது ஒரு கேள்வி எழுவது இயல்பு. ‘கம்பம் சாய்ந்த தெருவில் மின்சாரத்தை நிறுத்துவது சரி. கம்பமும் கம்பியும் நன்றாக இருக்கும் தெருவில், வெறும் தண்ணீர் தேங்கியதற்காக ஏன் நிறுத்த வேண்டும்?’

இக்கேள்விக்கு விடை நம் பள்ளிப் பாடத்தில் ஒரே வரியில் இருக்கிறது. ‘மின்னோட்டம் மூடிய சுற்றில் மட்டுமே பாயும்.’ தேர்வுக்காக இதை நாம் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். ஆனால், இந்த ஒரு வரியின் முழுப் பொருளும் தெரிந்தவர் தம் உயிரையும் பிறர் உயிரையும் காக்க முடியும். அந்தப் பொருளைப் படிப்படியாகப் பார்ப்போம்.

டார்ச் பல்பில் தொடங்குவோம்

1.5 வோல்ட் மின்கலம் ஒன்று, டார்ச் பல்பு ஒன்று, ஒரு சாண் நீளமுள்ள கம்பி ஒன்று. இம்மூன்றையும் ஒருவரிடம் கொடுத்துப் பல்பை எரிய வைக்கச் சொல்லுங்கள். பலர் முதலில் கம்பியின் ஒரு முனையை மின்கலத்தின் தலையில் வைத்து, மறுமுனையால் பல்பின் அடியைத் தொடுவார்கள். பல்பு எரியாது. மின்கலத்திலிருந்து பல்புக்கு வழி அமைத்தாகிவிட்டதே, பின் ஏன் எரியவில்லை?

பல்பை உற்றுப் பாருங்கள். அதன் அடியில் ஈயப் பொட்டு ஒன்று இருக்கும். பக்கத்தில் உலோக உறை இருக்கும். கண்ணாடிக்குள் இருக்கும் இழையின் ஒரு முனை பொட்டோடும், மறுமுனை உறையோடும் இணைக்கப்பட்டுள்ளன. ஆகவே பல்பு என்பது மின்சாரத்தை ஊற்றி வைக்கும் பாத்திரம் அன்று. அது ஒரு பாதை. ஒரு வாசல் வழியே நுழைந்த மின்னோட்டம் மறுவாசல் வழியே வெளியேற வேண்டும்.

இப்போது பல்பின் பொட்டை மின்கலத்தின் தலைமீது வையுங்கள். பல்பின் உறையிலிருந்து மின்கலத்தின் அடிக்குக் கம்பியை இணையுங்கள். பல்பு எரிகிறது! மின்கலத்தின் தலை, பொட்டு, இழை, உறை, கம்பி, மின்கலத்தின் அடி, மின்கலத்தின் உட்புறம், மீண்டும் தலை. விரலால் இந்த வழியைத் தொட்டுக்கொண்டே போனால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வீர்கள். இதுவே மின்சுற்று. இதில் எந்த இடத்தில் இடைவெளி விட்டாலும் சுற்று முழுவதும் மின்னோட்டம் நின்றுவிடும். ஸ்விட்ச் என்பது நம் விருப்பப்படி திறந்து மூடக்கூடிய ஓர் இடைவெளி, அவ்வளவே.

ஓர் எச்சரிக்கை. பல்பை விட்டுவிட்டு, மின்கலத்தின் தலையையும் அடியையும் கம்பியால் நேராக இணைக்காதீர்கள். வழியில் தடை ஏதுமில்லாததால் மின்னோட்டம் மிகுந்து கம்பி சுடும். இதற்குக் குறுக்குச் சுற்று என்று பெயர்.

அடுத்து ஒரு கேள்வி. பல்புக்குப் போகும் கம்பியில் உள்ள மின்னோட்டமும், பல்பைக் கடந்து திரும்பும் மின்னோட்டமும் சமமா? பல்பு கொஞ்சம் செலவழித்துவிடும், ஆகவே திரும்பும்போது குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அன்று. பள்ளி ஆய்வுக்கூடத்தில் பல்புக்கு முன்னும் பின்னும் அம்மீட்டரை இணைத்துப் பாருங்கள். இரண்டு இடத்திலும் முள் ஒரே அளவைக் காட்டும்.

அப்படியானால் பல்பு எதைச் செலவிடுகிறது? சைக்கிளை எண்ணிப் பாருங்கள். மிதிகட்டையில் நீங்கள் செலுத்தும் ஆற்றலைச் சங்கிலி பின்சக்கரத்துக்குக் கொண்டு சேர்க்கிறது. ஆற்றல் சாலையில் செலவாகிறது. சங்கிலியோ ஒரு கண்ணிகூடக் குறையாமல் சுற்றி வருகிறது. சங்கிலி ஓரிடத்தில் அறுந்தால் முழுச் சங்கிலியும் பயனற்றதாகிறது. மின்கலம் மிதிகட்டை, பல்பு பின்சக்கரம், கம்பியில் உள்ள எலெக்ட்ரான்கள் சங்கிலிக் கண்ணிகள். எலெக்ட்ரான்கள் கம்பியில் நத்தையினும் மெதுவாகவே நகர்கின்றன. ஆயினும் சுற்று முழுவதும் ஒருசேர நகரத் தொடங்குவதால் ஸ்விட்சைப் போட்டவுடன் பல்பு எரிகிறது.

போன மின்னோட்டம் அவ்வளவும் திரும்பி வந்தாக வேண்டும். இதை நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் கடைசி வரை இது நமக்குத் துணையாக வரும்.

மூன்று பெயர்கள், ஒரு விதி

மின்சுற்றில் நாம் அளக்க வேண்டியவை மூன்று. ஒரு நொடியில் எவ்வளவு மின்னூட்டம் பாய்கிறது என்பது மின்னோட்டம். இதன் அலகு ஆம்பியர். அதைத் தள்ளும் விசை போன்றது மின்னழுத்தம். இதன் அலகு வோல்ட். பாதை தரும் எதிர்ப்பு மின்தடை. இதன் அலகு ஓம்.

ஆம்பியர் பிரான்சின் லியோன் நகரில் 1775இல் பிறந்தவர். வோல்டா இத்தாலியர். ஓம் ஜெர்மானியர், மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை ஆகியவற்றின் தொடர்பை 1827இல் நூலாக வெளியிட்டார். 1881இல் பாரிஸில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாடு இம்மூவர் பெயரையும் அலகுகளுக்குச் சூட்டியது.

ஓம் விதி மிக எளியது. மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். இரண்டு மின்கலங்கள் இட்ட டார்ச்சில் மின்னழுத்தம் 3 வோல்ட். எரியும் நிலையில் பல்பின் தடை 10 ஓம் என்று கொண்டால், மின்னோட்டம் 0.3 ஆம்பியர். தடை பாதியானால் மின்னோட்டம் இருமடங்காகும். இந்த வகுத்தல் கணக்கு ஒன்றே நமக்குப் போதும்.

உப்புநீர் கம்பியாகுமா?

வோல்டா 1800ஆம் ஆண்டு உலகின் முதல் மின்கல அடுக்கை அமைத்தார். துத்தநாக வட்டு, செம்பு அல்லது வெள்ளி வட்டு, இவற்றின் இடையே நனைத்த அட்டை என்று மாறி மாறி அடுக்கினார். அட்டையை எதில் நனைத்தார் தெரியுமா? உப்புநீரில்தான்! மறு ஆண்டு பாரிஸில் நெப்போலியன் முன்னிலையில் வோல்டா தம் கருவியைச் செய்து காட்டினார். உப்புநீர் இல்லாவிட்டால் அந்த அடுக்கில் சுற்று நிறைவு பெற்றிருக்காது.

நீங்களும் சோதித்துப் பார்க்கலாம். 1.5 வோல்ட் மின்கலங்கள் நான்கை வரிசையாக இணையுங்கள். மொத்தம் 6 வோல்ட். சிவப்பு எல்.இ.டி. ஒன்றும், 330 ஓம் மின்தடை ஒன்றும் வானொலி பழுதுபார்க்கும் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். மின்கல வரிசையின் நேர்முனையிலிருந்து மின்தடைக்கும், அதிலிருந்து எல்.இ.டி.யின் நீண்ட காலுக்கும் இணைப்புக் கொடுங்கள். எல்.இ.டி.யின் குட்டைக் காலிலிருந்து ஒரு செம்புக் கம்பியையும், மின்கல வரிசையின் எதிர்முனையிலிருந்து மற்றொரு செம்புக் கம்பியையும் வெளியே விடுங்கள். இரு கம்பிகளின் நுனிகளையும் ஒன்றோடொன்று தொட வைத்தால் எல்.இ.டி. ஒளிரும். விலக்கினால் அணையும்.

இனி, அவ்விரு நுனிகளையும் ஒன்றையொன்று தொடாமல் இரண்டு செ.மீ. இடைவெளி விட்டு ஒரு கண்ணாடிக் குவளைக்குள் நிறுத்துங்கள். முதலில், வண்டிகளின் பேட்டரிக்கு ஊற்றும் வடித்த நீரைக் குவளையில் ஊற்றுங்கள். எல்.இ.டி. ஒளிராது, அல்லது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கே ஒளிரும். அதைக் கொட்டிவிட்டுக் குழாய்த் தண்ணீர் ஊற்றுங்கள். மங்கலாக ஒளிரக்கூடும். இப்போது ஒரு கரண்டி சமையல் உப்பைப் போட்டுக் கலக்குங்கள். எல்.இ.டி. பளிச்சென்று ஒளிரும்! எதிர்முனையோடு சேர்ந்த கம்பியில் சிறு குமிழிகள் கிளம்புவதையும் காணலாம். சோதனையைக் காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். முடிந்ததும் நீரைக் கொட்டிவிடுங்கள். அதைக் குடிக்கக் கூடாது.

உப்பு செய்தது என்ன? உப்பு நீரில் கரையும்போது நேர்மின்னூட்டம் பெற்ற சோடியம் அயனிகளாகவும், எதிர்மின்னூட்டம் பெற்ற குளோரைடு அயனிகளாகவும் பிரிகிறது. கம்பியில் எலெக்ட்ரான்கள் செய்யும் வேலையை நீரில் இந்த அயனிகள் செய்கின்றன. நேர் அயனிகள் ஒரு பக்கமும் எதிர் அயனிகள் மறுபக்கமும் நகர, சுற்று நிறைவு பெறுகிறது. கரைந்த பொருள்கள் இப்படி அயனிகளாகப் பிரிகின்றன என்று விளக்கிய சுவீடன் நாட்டு அறிஞர் அரீனியஸ் 1903இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

கடல்நீரில் லிட்டருக்குச் சராசரியாக 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. மிகத் தூய நீரைவிடக் கடல்நீர் பல இலட்சம் மடங்கு எளிதாக மின்சாரத்தைக் கடத்தும். ‘தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும்’ என்று நாம் சொல்வதில் கடத்தும் வேலையைச் செய்பவை பெரும்பாலும் தண்ணீரில் கரைந்த உப்புகளே. கிணற்று நீர், சாக்கடை நீர், தெருவில் தேங்கிய மழைநீர், நம் வியர்வை ஆகிய எல்லாவற்றிலும் உப்புகள் உண்டு.

வீட்டுக்கு வரும் சுற்று

இனி வீட்டு மின்சாரத்துக்கு வருவோம். ஒரு சொல் முன்கூட்டியே: இதுவரை சொன்ன சோதனைகளை மின்கலத்தில் மட்டுமே செய்ய வேண்டும். வீட்டு மின்சாரத்தில் சோதனை கூடவே கூடாது. ஏன் என்பது இன்னும் சிறிது நேரத்தில் விளங்கும்.

தெருமுனையில் நிற்கும் மின்மாற்றிதான் நம் வீட்டுச் சுற்றின் ‘மின்கலம்’. அங்கிருந்து வீட்டுக்கு இரண்டு கம்பிகள் வருகின்றன. ஒன்றை ஒயர்மேன்கள் ‘பேஸ்’ என்பார்கள், மற்றொன்று ‘நியூட்ரல்’. இரண்டுக்கும் இடையே 230 வோல்ட். இந்த மின்னோட்டம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகத் திசை மாறி மாறிப் பாய்கிறது. சைக்கிள் சங்கிலியை முன்னும் பின்னும் அசைப்பது போல என்று கொள்ளலாம். ஆனாலும் சங்கிலி அறுபடாமல் இருந்தால்தானே அசைவு போய்ச் சேரும்? மாறுதிசை மின்னோட்டத்துக்கும் மூடிய சுற்று வேண்டும்.

வீட்டில் விளக்கு, விசிறி, தொலைக்காட்சி ஒவ்வொன்றும் பேசுக்கும் நியூட்ரலுக்கும் இடையே தனித்தனிப் பாலம் போல இணைக்கப்பட்டுள்ளது. இது பக்க இணைப்பு. ஒன்றை அணைத்தாலும் மற்றவை இயங்கும். திருவிழாப் பந்தலில் தொங்கும் பழைய வகை சீரியல் பல்புகளோ ஒன்றன்பின் ஒன்றாக ஒரே பாதையில் அமைந்தவை. இது தொடர் இணைப்பு. ஒரு பல்பு பழுதானால் சரம் முழுவதும் அணையும்.

ஸ்விட்சைப் பேஸ் கம்பியில்தான் வைக்க வேண்டும் என்பது விதி. நியூட்ரலில் வைத்தாலும் விளக்கு அணையும். ஆனால் விளக்கின் ஹோல்டரில் 230 வோல்ட் காத்துக்கொண்டிருக்கும். ‘ஸ்விட்சை அணைத்துவிட்டேனே’ என்று நம்பித் தொடுபவருக்கு அது ஆபத்து.

மண் மின்சாரத்தை விழுங்குகிறதா?

மின்கம்பியில் காக்கை உட்காருகிறது. அதற்கு ஒன்றும் நேர்வதில்லை. காரணம் உங்களுக்கு இப்போது தெரியும். அதன் இரு கால்களும் ஒரே கம்பியில் இருக்கின்றன. அதன் உடல் வழியாகச் சுற்று நிறைவு பெறவில்லை. பழந்தின்னி வௌவால் அகன்ற சிறகுகளை விரித்து இரண்டு கம்பிகளைத் தொட்டுவிட்டால் மடிந்து போகிறது. அங்கே சுற்று நிறைவு பெற்றுவிட்டது.

ஆனால், தரையில் நிற்கும் மனிதர் பேஸ் கம்பி ஒன்றை மட்டும் தொட்டாலும் அதிர்ச்சி ஏற்படுகிறதே! அவர் நியூட்ரலைத் தொடவில்லையே? மின்னோட்டம் எங்கே போகிறது? ‘பூமிக்குள் போய்விடுகிறது, பூமி எவ்வளவு மின்சாரத்தையும் விழுங்கிக்கொள்ளும்’ என்றே பலரும் விடை சொல்வார்கள். போன மின்னோட்டம் அவ்வளவும் திரும்ப வேண்டும் என்று பார்த்தோமே, அதற்கு இது பொருந்தவில்லை அல்லவா?

விடை தெருமுனை மின்மாற்றியின் காலடியில் இருக்கிறது. மின்மாற்றியின் நியூட்ரல் அங்கே மண்ணோடு இணைக்கப்பட்டுள்ளது. கம்பத்திலிருந்து தரைக்குள் இறங்கும் பட்டையையோ கம்பியையோ நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆகவே பேசைத் தொட்டவரின் கை, உடல், கால், ஈரத்தரை, மண், மின்மாற்றியின் நில இணைப்பு, மின்மாற்றி, மீண்டும் பேஸ் என்று முழுச் சுற்று ஒன்று உருவாகிவிடுகிறது. மண் மின்சாரத்தை விழுங்கவில்லை. அது ஓர் அகன்ற, கண்ணுக்குத் தெரியாத திரும்பும் கம்பியாக வேலை செய்கிறது. ஈரமும் உப்பும் உள்ள மண் இந்த வேலையை இன்னும் நன்றாகச் செய்யும்.

ஒயர்மேன் வைத்திருக்கும் டெஸ்டர் இதற்குச் சான்று. அதன் நுனி பேசைத் தொட, அவர் விரல் அதன் தலையைத் தொட, உள்ளே சிறு நியான் விளக்கு ஒளிர்கிறது. அவர் உடலே அந்தச் சுற்றின் ஒரு பகுதி! டெஸ்டருக்குள் பல இலட்சம் ஓம் தடை வைத்திருப்பதால் மின்னோட்டம் உணர முடியாத அளவுக்குக் குறைந்துவிடுகிறது.

ஒரு வகுத்தல் கணக்கு

உலர்ந்த தோலின் மின்தடை ஓர் இலட்சம் ஓம் அளவுக்குக்கூட இருக்கலாம். ஆனால் தோல் நனைந்துவிட்டால் உடலின் தடை ஏறத்தாழ 1000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். வியர்வையிலும் மழைநீரிலும் உள்ள உப்புகள் தோலின் நுண்துளைகளில் வழி அமைத்துக் கொடுக்கின்றன.

இப்போது ஓம் விதியைப் போடுங்கள். 230ஐ 1000ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். இது பெரியதா, சிறியதா?

ஏறத்தாழ 1 மில்லி ஆம்பியரில் சுருக்கென்று உணர்வு தட்டும். 10 மில்லி ஆம்பியர் அளவில் தசைகள் இறுகும். பிடித்த கம்பியை விட வேண்டும் என்று நினைத்தாலும் கை விடாது. 30 மில்லி ஆம்பியர் நீடித்தால் மூச்சு தடைப்படலாம். 100 மில்லி ஆம்பியர் அளவில் இதயம் சீராகத் துடிப்பதை விட்டுத் தாறுமாறாகத் துடிதுடித்து, இரத்த ஓட்டம் நின்றுபோகும். நம் கணக்கில் வந்ததோ 230! இது 60 வாட் இழைப் பல்பு ஒன்றை எரிய வைக்கும் மின்னோட்டத்துக்கு ஏறக்குறைய சமம்.

‘பியூஸ் இருக்கிறதே, போய்விடாதா?’ என்று கேட்பீர்கள். 5 ஆம்பியர் பியூஸ் 5 ஆம்பியரைத் தாண்டினால்தான் உருகும். 0.23 ஆம்பியர் அதற்கு ஒரு பல்பு எரிவது போலத்தான். ஒரு மனிதர் துடித்துக்கொண்டிருக்கிறார் என்பதைப் பியூஸ் அறியாது. பியூசும், அதன் இன்றைய வடிவமான எம்.சி.பி.யும் கம்பி சூடேறித் தீப்பிடிக்காமல் காப்பவை. மனிதரைக் காக்க வேறு ஏற்பாடு வேண்டும்.

இரண்டு காவலர்கள்

முதற் காவலன் நில இணைப்பு. மூன்று முள் பிளக்கில் மேலே பருமனாக, சற்று நீளமாக இருக்கும் முள்ளைக் கவனித்திருக்கிறீர்களா? அது சலவைப் பெட்டி, குளிர்சாதனப் பெட்டி போன்றவற்றின் உலோக உடலை, பச்சை நிறக் கம்பி வழியாக, வீட்டு வளாகத்தில் புதைத்த குழாயோடு இணைக்கிறது. நீளமாக இருப்பதால் செருகும்போது முதலில் சேரும். பிடுங்கும்போது கடைசியில் பிரியும். உள்ளே பேஸ் கம்பியின் உறை தேய்ந்து உலோக உடலைத் தொட்டுவிட்டால், மின்னோட்டம் இந்தக் குறைந்த தடையுள்ள வழியே பாயும். மண் வழியின் மொத்தத் தடை 7 ஓம் என்று கொள்வோம். 230ஐ 7ஆல் வகுத்தால் ஏறத்தாழ 33 ஆம்பியர்! 5 ஆம்பியர் பியூஸ் உடனே போய்விடும். சுற்று முறிந்துவிடும்.

நில இணைப்புக் குழியில் குழாயைச் சுற்றிக் கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டுத் தண்ணீர் ஊற்றும் வழக்கம் நம் நாட்டில் உண்டு. உப்பு அயனிகளைத் தருகிறது. கரி ஈரத்தைக் காக்கிறது. மண்ணின் தடை குறைகிறது. உப்பளம் போன்ற கடலோரப் பகுதியில் மண்ணே உப்பும் ஈரமுமாக இருப்பதால் இது எளிது என்று தோன்றும். ஆனால் அதே உப்பு, குழாயையும் அதில் முடுக்கிய திருகாணியையும் அரித்துத் தின்றுவிடும். வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. விளக்கு எரியும், விசிறி சுழலும். காவலன் மட்டும் காணாமல் போயிருப்பான். துருவேறி மண் வழியின் தடை 100 ஓம் ஆகிவிட்டது என்று வையுங்கள். இப்போது பாய்வது 2.3 ஆம்பியர் மட்டுமே. பியூஸ் போகாது. குளிர்சாதனப் பெட்டியின் உடலில் 200 வோல்ட்டுக்கு மேல் நின்றுகொண்டே இருக்கும். ஆகவே கடலோர வீடுகளில் நில இணைப்பை ஆண்டுதோறும் ஒயர்மேனைக் கொண்டு அளந்து பார்ப்பது மிக அவசியம்.

இரண்டாம் காவலன் ஆர்.சி.சி.பி. என்னும் கருவி. இதன் தத்துவம் நாம் டார்ச் பல்பில் கற்றதேதான். பேஸ் வழியே வீட்டுக்குள் போகும் மின்னோட்டத்தையும், நியூட்ரல் வழியே திரும்பும் மின்னோட்டத்தையும் இக்கருவி இடைவிடாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. இரண்டும் சமமாக இருக்கும்வரை கவலையில்லை. 5 ஆம்பியர் போய் 4.97 ஆம்பியர் மட்டும் திரும்பினால், மீதி 30 மில்லி ஆம்பியர் எங்கே? வேறு ஏதோ வழியில், ஈரச்சுவர் வழியாகவோ ஒரு மனித உடல் வழியாகவோ, அது மண்ணுக்குப் போய்க்கொண்டிருக்கிறது! உடனே, ஒரு நொடியின் சிறு பகுதிக்குள், கருவி சுற்றை முறித்துவிடும். வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் வகையே ஏற்றது.

மழைக்காலத்தில் இக்கருவி அடிக்கடி விழுந்தால் சிலர் அதை எடுத்துவிட்டு நேராக இணைப்புக் கொடுத்துவிடுகிறார்கள். இது நாய் குரைக்கிறதென்று அதைத் துரத்திவிட்டுக் கதவைத் திறந்து வைப்பது போன்றது. கருவி விழுகிறது என்றால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். கசிவைத் தேடிச் சரிசெய்ய வேண்டும்.

ஆனால் இந்தக் காவலனுக்கும் ஒரு குறை உண்டு. தரையைத் தொடாமல் மர நாற்காலியில் நின்றுகொண்டு, ஒரு கையால் பேசையும் மறுகையால் நியூட்ரலையும் ஒருவர் தொட்டுவிட்டால், போவதும் திரும்புவதும் சமமாகவே இருக்கும். கருவியின் கண்ணுக்கு அவரும் ஒரு பல்புதான். ஆகவே எந்தக் கருவி இருந்தாலும் மெயினை அணைக்காமல் கைவைக்கலாகாது.

மழை நாளில் என்ன செய்வது?

தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு இப்போது நீங்களே விடை சொல்லலாம். வெள்ளம் தாழ்வான சுவர்ப் பிளக்குகளுக்குள் புகும்போதும், தெருவோர மின்பெட்டிகளைத் தொடும்போதும், அந்த நீர் பேசுக்கும் மண்ணுக்கும் இடையே பாதையாகிவிடுகிறது. சேறும் சாக்கடையும் உப்பும் கலந்த நீர் அது. அதில் காலை நனைத்து நடப்பவர் தாமறியாமலே ஒரு சுற்றின் பகுதியாகிறார். மின்னோட்டம் நீரில் பரவுவதால், பல சமயம் பியூசும் போகாது. வீடுவீடாகப் போய் ஒவ்வொரு கசிவையும் அடைக்க முடியாது. சுற்றை மூலத்திலேயே முறிப்பதுதான் வழி. கம்பம் நேராக நிற்கும் தெருவிலும் மின்சாரத்தை நிறுத்துவது இதனால்தான்.

கீழ்க்கண்டவை ஒவ்வொன்றுக்கும் மின்சுற்றே காரணம் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

வீட்டுக்குள் நீர் புகும் அறிகுறி தெரிந்தால், தரை உலர்ந்திருக்கும்போதே மெயினை அணையுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு ஸ்விட்சைத் தொடாதீர்கள்.

இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் அதையும் அணைக்க வேண்டும். தெரு மின்சாரம் நின்றாலும் அது தானே ஒரு மூலமாக நின்று 230 வோல்ட்டை வீட்டுக் கம்பிகளில் செலுத்திக்கொண்டிருக்கும்.

அறுந்து விழுந்த கம்பியைக் கண்டால் அருகே போகாதீர்கள். அதைச் சுற்றி மண்ணில் மின்னழுத்தம் இடத்துக்கு இடம் வேறுபடும். அகலக் கால் வைத்தால் ஒரு காலுக்கும் மறுகாலுக்கும் இடையிலேயே சுற்று நிறைவு பெறும். அருகில் இருந்துவிட்டால், பாதங்களைத் தரையைவிட்டு எடுக்காமல் சிறு சிறு அடியாகத் தேய்த்தபடி விலகுங்கள். மின்துறைக்கு உடனே தெரிவியுங்கள்.

ஒருவர் மின்சாரத்தில் சிக்கிக்கொண்டால் அவரைக் கையால் பற்றி இழுக்காதீர்கள். நீங்களும் சுற்றில் சேர்ந்துவிடுவீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். அது இயலாதபோது மட்டும், உலர்ந்த இடத்தில் நின்று, உலர்ந்த மரக்கட்டையால் கம்பியை அவரிடமிருந்து விலக்குங்கள். கம்பத்துக் கம்பி என்றால் அதுவும் வேண்டாம். மின்துறையினர் நிறுத்தும்வரை எட்டியே நில்லுங்கள். மீட்டபின் மூச்சு இல்லையென்றால் மார்பை அழுத்தும் முதலுதவியை உடனே தொடங்கி, மருத்துவ உதவிக்கு ஆளனுப்புங்கள்.

இந்த வாரம் ஒரு நாள், பகல் வெளிச்சத்தில், வீட்டுப் பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு மின்பெட்டியைப் பாருங்கள். ஆர்.சி.சி.பி. இருந்தால் அதில் ‘டி’ அல்லது ‘டெஸ்ட்’ என்று குறித்த சிறு பொத்தான் இருக்கும். பெரியவரை அதை அழுத்தச் சொல்லுங்கள். வேண்டுமென்றே சிறு கசிவை உண்டாக்கிக் கருவியைச் சோதிக்கும் பொத்தான் அது. ‘டக்’கென்று விழுந்து விளக்குகள் அணைந்தால் காவலன் விழித்திருக்கிறான். விழவில்லை என்றால், அல்லது அப்படி ஒரு கருவியே இல்லை என்றால், அடுத்த மழைக்கு முன் ஒயர்மேனுக்குச் சொல்லி அனுப்புங்கள்.